‘ஸ்டாமினா இல்ல சார்’: ஏழாம் வகுப்பில் உடற்தகுதிக் கூறுகளை நடத்திய அனுபவம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஏழாம் வகுப்பு. 12, 13 வயதுப் பிள்ளைகள் 36 பேர். வாரத்துக்கு இரண்டு பீரியட், ஒவ்வொன்றும் 40 நிமிடம். பாடம், உடற்தகுதியின் கூறுகள். ஒரே வகுப்புக்கு இந்தப் பாடத்தை நான் இரண்டு தடவை நடத்த வேண்டியதாயிற்று. முதல் தடவை நாலு பீரியடில் முடித்துவிட்டு, பாடம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இரண்டாம் தடவை எட்டுப் பீரியட் பிடித்தது. நடுவில் என்ன நடந்தது, எதை மாற்றினேன், மாற்றியதில் எது தேறியது, எது தேறவில்லை என்பதைப் பதிவு செய்து வைக்கலாம் என்று இதை எழுதுகிறேன்.

முதல் தடவை நடத்திய விதம் எல்லாருக்கும் பழகியதுதான். கரும்பலகையில் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் உடல்நலம் சார்ந்த கூறுகள் ஐந்து: இதய நுரையீரல் தாங்குதிறன், தசை வலிமை, தசைத் தாங்குதிறன், நெகிழ்வுத்தன்மை, உடல் கட்டமைவு. வலப்பக்கம் விளையாட்டுத் திறன் சார்ந்தவை ஆறு: சுறுசுறுப்பு, சமநிலை, ஒருங்கிணைப்பு, ஆற்றல், எதிர்வினை நேரம், வேகம். மொத்தம் 11. மனப்பாடம் ஆவதற்கு முதல் எழுத்துகளைக் கோத்து ஒரு சூத்திரமும் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த இரண்டு பீரியடில் மைதானத்தில் சோதனைகள். கடைசியில் ஒரு சின்ன எழுத்துத் தேர்வு. பெரும்பாலானோர் பதினொன்றுக்குப் பதினொன்று.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அது ஒரு வாரம்தான் நீடித்தது.

சுவரோரம் சரிந்த பையன்

அடுத்த வாரம் சும்மா ஒரு மாற்றத்துக்காகச் சுவர் நாற்காலி போட்டேன். முதுகைச் சுவரில் ஒட்டி, முழங்காலை மடக்கி, இல்லாத நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற பயிற்சி. முக்கால் நிமிடம் போயிருக்கும், ஒரு பையன் அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். தேர்வில் முழு மதிப்பெண் எடுத்தவர்களில் அவனும் ஒருவன்.

“என்னடா ஆச்சு?”

“ஸ்டாமினா இல்ல சார்.”

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். 15 வினாடிக்கு 29 துடிப்பு, அதாவது நிமிடத்துக்கு 116. நன்றாக ஓடி முடித்த பிள்ளைக்கு இதைவிட எவ்வளவோ அதிகம் இருக்கும். மூச்சு இரைக்கவில்லை, முழு வாக்கியமாகப் பேசுகிறான். ஆனால் தொடை மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

“மூச்சு வாங்குதா?”

“இல்ல சார்.”

“அப்புறம் எது உன்னை நிக்க விடல?”

தொடையைத் தொட்டுக் காட்டினான். “இங்க எரியுது.”

“சரி, அப்போ குறைஞ்சது எது? நம்ம பட்டியல்ல இருந்து சொல்லு.”

கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு, நான் ஏதோ புரியாத மொழியில் கேட்டதுபோலப் பார்த்துவிட்டு, “ஸ்டாமினாதான் சார்” என்றான்.

பட்டியல் அவனுக்குத் தெரியும், உடம்பு சொல்வதும் தெரியும். இரண்டுக்கும் நடுவில் பாலம் இல்லை. இதயமும் நுரையீரலும் பாட்டுக்கு வேலை செய்கின்றன. தொடைத் தசைதான் ஓய்ந்தது. தசைத் தாங்குதிறன் என்பதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. அதைக்கூட ‘ஸ்டாமினா’ என்ற ஒற்றைச் சொல் விழுங்கிவிட்டது. அன்றைக்கே இன்னும் சிலரிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். எதில் தோற்றாலும் ‘ஸ்டாமினா இல்ல’. எதில் ஜெயித்தாலும் ‘அவன் ஸ்ட்ராங்கு சார்’. பதினொரு கூறு நடத்தியிருக்கிறேன், பிள்ளைகளிடம் இருப்பதோ இரண்டு.

இந்தக் குழப்பம் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதல்ல என்பதால் சின்னதாக ஒரு கிளைக்கதை. 1950களில் அமெரிக்காவில் கிரவுஸ், வெபர் என்ற இருவர் பெயரால் அறியப்பட்ட சோதனைத் தொகுப்பு ஒன்று பெரிய பரபரப்பைக் கிளப்பியது. ஆறே சோதனை. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் ஏதாவது ஒன்றில் தேறவில்லை. ஐரோப்பியப் பிள்ளைகளில் அப்படித் தவறியவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு. நாடே பதறியது. 1956இல் அதிபர் ஐசனோவர் இளையோர் உடற்தகுதிக்கென ஓர் ஆலோசனைக் குழுவை அமைத்தார். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஆறிலும் ஓட்டம் கிடையாது. வயிறு, முதுகு, இடுப்புத் தசைகளின் குறைந்தபட்ச வலிமையும், குனிந்து தரையைத் தொடும் நெகிழ்வும்தான் பார்க்கப்பட்டன. ஒன்றிரண்டு கூறில் கண்ட குறையை ‘உடற்தகுதி போயிற்று’ என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். என் மாணவன் சொன்ன ‘ஸ்டாமினா இல்ல’தான், கொஞ்சம் பெரிய குரலில்.

கூறுகளைத் தெளிவாகப் பிரித்து வரையறுத்த கட்டுரை கேஸ்பர்சனும் உடன் ஆய்வாளர்களும் 1985இல் எழுதியது. உடல் இயக்கம் வேறு, உடற்பயிற்சி வேறு, உடற்தகுதி வேறு என்று அவர்கள் வகுத்தார்கள். உடற்தகுதி என்பது ஒருவரிடம் உள்ள பண்புகளின் தொகுப்பு, அவற்றில் சில உடல்நலம் சார்ந்தவை, சில திறன் சார்ந்தவை என்றார்கள். பள்ளிப் புத்தகங்களில் இன்று பார்க்கும் ஐந்தும் ஆறும் அங்கே உள்ள பட்டியல்தான். ஆய்வாளருக்கு அது நல்ல பட்டியல். 12 வயதுப் பிள்ளைக்கு அதையே வாசற்படியாக வைத்ததுதான் என் தவறு.

சுவரில் ஒட்டிய தாள்

முதல் தடவையில் இன்னொரு தவறும் செய்தேன், அது இதைவிட மோசம். சோதனை முடிவுகளைத் தரவரிசைப்படுத்தி அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். போட்டி இருந்தால் ஆர்வம் வரும் என்ற கணக்கு. ஆர்வம் வந்தது, முதல் பத்துப் பேருக்கு. கடைசி வரிசையில் இருந்த இருவர் அடுத்த பீரியடுக்கு ஷூ கொண்டு வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. மூன்றாம் நாள் தாளைக் கிழித்தேன். அதற்குள் படிக்க வேண்டியதை எல்லாரும் படித்திருந்தார்கள்.

இந்த வயதில் தரவரிசை என்பது பெரும்பாலும் யார் முதலில் வளர ஆரம்பித்தார்கள் என்பதன் வரிசை. உயரம் மடமடவென்று ஏறும் உச்சக்கட்டம் பெண் பிள்ளைகளுக்குச் சராசரியாக 12 வயதை ஒட்டி வருகிறது, ஆண் பிள்ளைகளுக்கு 14ஐ ஒட்டி. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கலாம், உடல் முதிர்ச்சியில் சில ஆண்டு வித்தியாசம் இருக்கும். இருவரையும் ஒரே தாளில் ஏற்றி இறக்கினால் அது உழைப்பையும் காட்டாது, பயிற்சியையும் காட்டாது.

20 மீட்டர் விசில் ஓட்டத்தையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். லேஜே, லாம்பெர்ட் இருவரும் 1982இல் வெளியிட்ட சோதனை அது. மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகத்தில் தொடங்கும். படிக்குப் படி அரை கிலோமீட்டர் கூடும். அடுத்த ஒலி வருவதற்குள் எதிர்க்கோட்டைத் தொட்டாக வேண்டும். அளவிடும் கருவி என்ற முறையில் அருமையானது. ஆனால் வகுப்பு முழுவதையும் நிறுத்தி, கடைசி ஆள் மிஞ்சும் வரை ஓடவிட்டால் என்ன ஆகிறது? யாருக்கு ஓட்டம் அதிகம் தேவையோ அவர்தான் முதலில் வெளியேறி, அதிக நேரம் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார். நான் அப்படித்தான் நடத்தியிருந்தேன். எத்தனை வருடமாக என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

புகாரில் இருந்து பெயருக்கு

இரண்டாம் சுற்றில் முதல் பீரியடுக்குக் கூறு எதற்கும் பெயர் சொல்லவில்லை. மைதானத்தில் ஏழு இடங்கள். ஒன்றரை நிமிடம் கயிறு தாண்டுதல், சுவர் நாற்காலி, தண்டால், கால் நீட்டி உட்கார்ந்து விரலைத் தொடுதல், கண்ணை மூடி ஒற்றைக்காலில் நிற்றல், நின்ற இடத்தில் இருந்து நீளம் தாண்டுதல், இரண்டு பந்தை மாற்றி மாற்றிச் சுவரில் எறிந்து பிடித்தல். கையில் ஒரு சீட்டு. ஒவ்வோர் இடத்திலும் ஒரே கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: எது முதலில் கைவிட்டது? வீட்டில் எப்படிச் சொல்வாயோ அப்படியே எழுது என்றேன்.

சீட்டுகளை வாங்கிப் படித்தபோது, நான் நடத்த வேண்டிய பாடம் முழுவதும் அதில் இருந்தது. கயிற்றில்: ‘மூச்சு முட்டுது’, ‘நெஞ்சு படபடங்குது’. சுவர் நாற்காலியில்: ‘எரியுது’, ‘கால் வெடவெடன்னு நடுங்குது’. தண்டாலில் சிலர் ‘ஏந்தவே முடியல’, சிலர் ‘பத்துக்கு மேல கை ஓய்ஞ்சுருச்சு’. விரல் தொடுவதில் கிட்டத்தட்ட எல்லாரும் ஒரே சொல்: ‘இழுக்குது’. ஒற்றைக்காலில் ‘தள்ளாடுது’. பந்தில் ‘கை ஒண்ணு செய்யுது, கண்ணு ஒண்ணு பாக்குது’.

முட்டுவது வேறு, எரிவது வேறு, இழுப்பது வேறு, தள்ளாடுவது வேறு. இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் வினைச்சொல்லாகவே வைத்திருக்கிறார்கள். நான் செய்ய வேண்டியிருந்தது, அந்தந்த வினைக்குப் பக்கத்தில் பாடப்புத்தகப் பெயரை எழுதுவது மட்டும். இரண்டாம் பீரியடில் சீட்டுகளைக் கலந்து தரையில் பரப்பி, ஒரே மாதிரிப் புகார்களைக் குவியலாகச் சேர்க்கச் சொன்னேன். குவியல் சேர்ந்த பிறகுதான் பெயர். ‘இழுக்குது’ குவியலுக்கு நெகிழ்வுத்தன்மை என்று பெயர் வைத்தபோது யாரும் குறிப்பேட்டைத் திறக்கவில்லை, நானும் திறக்கச் சொல்லவில்லை.

தண்டால் குவியலில் மட்டும் சண்டை வந்தது. ‘ஏந்தவே முடியல’ என்பதும் ‘பத்துக்கு மேல முடியல’ என்பதும் ஒரே குவியலா, இரண்டு குவியலா? ஒரே பயிற்சிதானே, ஒன்றாகப் போடு என்றது ஒரு கட்சி. வேறு வேறு என்றது இன்னொரு கட்சி. நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு சிறுமி சொன்னாள்: “சார், அவளுக்கு ஒண்ணே வரல. இவனுக்குப் பதினொண்ணாவதுதான் வரல. அது எப்படி ஒண்ணாகும்?”

முழுத் தொடரிலும் சிறந்த நிமிடம் அதுதான். ஒரு தண்டால்கூட எடுக்க முடியாதவருக்குத் தண்டால் என்பது வலிமைச் சோதனை: ஒரே முறை அந்தக் கனத்தை ஏந்த முடிகிறதா? முப்பது எடுப்பவருக்கு அதே தண்டால் தாங்குதிறன் சோதனை: எத்தனை தடவைக்குத் தசை ஓயாமல் இருக்கிறது? பயிற்சியின் பெயரை வைத்து இது இந்தக் கூறு என்று ஒட்டிவிட முடியாது. செய்கிற உடம்பைப் பொறுத்தது. ‘தண்டால், தசைத் தாங்குதிறன்’ என்று நேராகக் கோடு போட்டு இணைக்கச் சொல்லும் வினாத்தாளை நானே தயாரித்திருக்கிறேன். வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தக் கோடு தவறு.

அப்புறம் தண்டாலை மூன்று படியாக்கினோம்: சுவரில் கை ஊன்றி, முழங்கால் ஊன்றி, முழுதாக. ‘ஒன்றே ஒன்று எடுக்க முடிகிற படி’ எது, ‘பத்து எடுக்க முடிகிற படி’ எது என்று அவரவரே கண்டுபிடித்துக்கொண்டார்கள். அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்க யாருக்கும் நேரம் இல்லை.

சொல் செய்த வம்பு

இரண்டு கூறுகள் தமிழ்ப் பெயராலேயே சிக்கலாயின. ஒன்று சுறுசுறுப்பு. “எங்க அம்மாதான் சார் சுறுசுறுப்பு, ஒரு நிமிஷம் உக்காரமாட்டாங்க” என்றான் ஒருவன். அன்றாடப் பொருளில் அவன் சொன்னது முழுக்கச் சரி. நாம் சொல்ல வருவதோ, வேகம் குறையாமல், நிலை தடுமாறாமல் திசையை மாற்றும் திறன். இரண்டாம் சுற்றில் ‘திசை திருப்பும் திறன்’ என்று மாற்றிவிட்டேன். தேர்வுக்காக அடைப்புக்குறிக்குள் பழைய பெயரையும் எழுதிவைத்தோம்.

மற்றது ஆற்றல். அறிவியல் புத்தகத்தில் ஆற்றல் என்பது வேலை செய்வதற்கான கொள்ளளவு. வேலையை நேரத்தால் வகுத்து வருவது திறன். உடற்கல்வியில் நாம் ஆற்றல் என்று சொல்வது உண்மையில் இரண்டாவது சரக்கு, அதாவது வலிமையை எவ்வளவு சட்டென்று வெளியே விடுகிறாய் என்பது. சரி, திறன் என்றே சொல்லலாம் என்று பார்த்தால், “திறன்னா திறமைதானே சார்?” என்கிறார்கள். கடைசியில் ‘வெடிதிறன்’ என்று ஒரு சொல்லை நாங்களே வைத்துக்கொண்டோம். மெதுவாக உட்கார்ந்து மெதுவாக எழுந்தால் வலிமை போதும். அதே காலால் நின்ற இடத்தில் இருந்து எம்பித் தாண்டினால் வெடிதிறன் வேண்டும். இந்த ஒன்று மட்டும் கடைசிவரை பலருக்கு வலிமையோடு ஒட்டிக்கொண்டே இருந்தது. பெயர் மாற்றியும் தீரவில்லை.

அளவுகோல் விழுந்த நாள்

எதிர்வினை நேரத்துக்குக் கருவி ஒன்றும் வேண்டாம், 30 செ.மீ. அளவுகோல் போதும். ஒருவர் மேல்நுனியைப் பிடித்துத் தொங்கவிடுவார். மற்றவர் கீழே பூஜ்யத்துக்கு நேராகக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்து வைத்திருப்பார். சொல்லாமல் விட வேண்டும், விழும்போது பிடிக்க வேண்டும். எந்தக் கோட்டில் பிடிபட்டதோ அதுதான் தூரம்.

தூரத்தை நேரமாக மாற்றுவதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. 20 செ.மீ. விழ ஏறத்தாழ 0.20 வினாடி. அப்படியானால் 10 செ.மீ. விழ? எல்லாரும் 0.10 என்றார்கள். உண்மையில் 0.14. விழும் பொருளுக்குப் போகப்போக வேகம் கூடுவதால், நேரம் பாதியாக வேண்டுமென்றால் தூரம் காலாக வேண்டும்: 0.10 வினாடிக்கு 5 செ.மீ.தான். அட்டையில் ஒரு சின்ன அட்டவணை எழுதிக் கொடுத்திருந்தேன். கணக்குப் போட விரும்பியவர்கள் போட்டார்கள், மற்றவர்கள் அட்டையைப் பார்த்தார்கள்.

ஒருவன் 4 செ.மீ.யில் பிடித்துவிட்டு மைதானம் அதிரக் கத்தினான். அட்டையில் பார்த்தால் 0.09 வினாடி. பக்கத்திலேயே நின்று மறுபடி செய்யச் சொன்னேன். பிடித்திருந்த நண்பன் ஒவ்வொரு தடவையும் ‘ரெடி’ என்று சொல்லி, ஒரே தாள இடைவெளி விட்டு, அளவுகோலை விட்டான். இவன் பார்த்துப் பிடிக்கவில்லை, தாளத்துக்குப் பிடித்திருக்கிறான். உலகத் தடகளப் போட்டிகளில் விரைவோட்டக்காரர் துப்பாக்கிச் சத்தத்துக்குப் பிறகு 0.100 வினாடிக்குள் கிளம்பினால் அது தவறான தொடக்கமாகக் கொள்ளப்படும். கேட்டுக் கிளம்பவில்லை, ஊகித்துக் கிளம்பினார் என்று பொருள். இதைச் சொன்னதும், “அப்போ நான் அவுட்டா சார்?” என்றான். அவுட்தான். இடைவெளியை மாற்றி மாற்றி விட்டபோது 17, 19, 16 என்று வந்தது. அதுதான் அவனுடைய உண்மையான எண்.

வேகமும் எதிர்வினை நேரமும் வேறு என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. வேகத்துக்கும் திசை திருப்பும் திறனுக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டும் 40 மீட்டரை இரண்டு விதமாக ஓடவிட்டேன்: ஒரே நேர்க்கோட்டில், அப்புறம் பத்துப் பத்து மீட்டராக மூன்று முறை திரும்பி. நேர்க்கோட்டில் முதலில் வந்த பெண் இரண்டாவதில் பின்தங்கினாள். அவளுக்கு ஆச்சரியம், கொஞ்சம் கோபமும். திரும்பும் இடத்தில் உட்கார்ந்து அவள் காலை மட்டும் பார்க்கும்படி மற்றவர்களிடம் சொன்னேன். கோட்டைத் தாண்டி இரண்டு எட்டுப் போய்த்தான் நிற்கிறாள். முழங்கால் நிமிர்ந்தே இருக்கிறது. உடம்பு மேலே இருக்கிறது. திருப்பத்தில் முந்தியவனோ கோட்டுக்கு முன்பே எட்டுகளைச் சின்னதாக்கி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு காலை உதைகாலாக்கித் திரும்புகிறான். அந்தப் பீரியட் முடிவதற்குள் அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். 

பை

உடல் கட்டமைவுதான் எனக்கு அடி விழுந்த இடம். முதல் சுற்றில் ஒரு ‘புதுமை’ செய்தேன். புத்தகம் நிரப்பிய பையை மாட்டிக்கொண்டு ஒரு சுற்று, பை இல்லாமல் ஒரு சுற்று ஓடவிட்டு, எடை கூடினால் உடம்புக்கு வேலை கூடும் என்று காட்டுவது திட்டம். எல்லாரும் ஓடினார்கள், சிரித்தார்கள். அப்போது பின்னால் இருந்து ஒரு குரல்: “சார், அப்போ அவன் எப்பவும் பையோடதான் ஓடுறான்!”

வகுப்பு சிரித்தது. யாரைச் சொன்னார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. சொன்னவனைக் கண்டித்தேன், ஆனால் அந்த வாக்கியத்துக்கு மேடை போட்டுக் கொடுத்தது நான்தான்.

இரண்டாம் சுற்றில் எடைக்கருவி இல்லை, பை இல்லை, அளவெடுப்பு இல்லை. ஒரு பீரியட் வகுப்பறையில் உட்கார்ந்து பேசினோம். உடம்பு எதெதால் ஆனது: தசை, எலும்பு, கொழுப்பு, நீர், உறுப்புகள். கொழுப்புக்கு என்ன வேலை: சேமிப்பு, வெப்பம் காத்தல், உறுப்புகளுக்கு மெத்தை. ஒரே எடை, ஒரே உயரம் உள்ள இருவருக்குள் இருக்கும் சரக்கு வேறாக இருக்கலாம். உயரத்தையும் எடையையும் மட்டும் வைத்துக் கணக்கிடும் உடல் நிறை எண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பெரியவர்களுக்கான எல்லைக்கோட்டை வளரும் பிள்ளைகள் மேல் வைக்கக் கூடாது, வயதையும் பாலினத்தையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். இந்த வயதில் பெண் பிள்ளைகளின் உடலில் கொழுப்பின் பங்கு கூடுவதும், ஆண் பிள்ளைகளுக்குத் தசை கூடுவதும் வளர்ச்சியின் இயல்பு. இதைச் சொன்னபோது முன்வரிசையில் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள், எதுவும் கேட்கவில்லை. மற்றக் கூறுகள் எல்லாம் செய்து காட்டக்கூடியவை, இது ஒரு நிலை. செய்து காட்ட ஒன்றும் இல்லை. காட்ட முயன்றால் யாரோ ஒருவர் காட்சிப் பொருளாகிறார்.

நெகிழ்வுத்தன்மை பற்றி அதிகம் இல்லை. உட்கார்ந்து எட்டும் சோதனையில் கால் நீளமானவர்களும் கை குட்டையானவர்களும் கூடுதலாகத் தண்டனை அனுபவிக்கிறார்கள். அதனால் முதுகுக்குப் பின்னால் இரண்டு கையையும் கோக்கும் சோதனையையும் சேர்த்தேன். பலருக்கு வலக்கை மேலே போனால் விரல்கள் தொட்டன, இடக்கை மேலே போனால் தொடவில்லை. ‘நான் வளைவேன்’ ‘நான் வளையமாட்டேன்’ என்ற பேச்சு அதோடு நின்றது. மூட்டுக்கு மூட்டு, பக்கத்துக்குப் பக்கம் அது வேறு.

நாடி

இதய நுரையீரல் தாங்குதிறனுக்கு விசில் ஓட்டத்தின் இடத்தில் மூன்று நிமிட ஓட்டம் வைத்தேன். அவரவர் வேகம், யாரும் வெளியேறுவது கிடையாது. ஓடுமுன் ஒரு முறை, நின்ற உடனே ஒரு முறை, ஒரு நிமிடம் கழித்து ஒரு முறை நாடி பார்க்க வேண்டும். நின்ற உடனே என்றால் உடனேதான். தண்ணீர் குடித்துவிட்டு வந்து எண்ணினால் வேறு எண் வந்துவிடும், துடிப்பு அவ்வளவு சீக்கிரம் இறங்கும். நாடி கண்டுபிடிக்கவே முதல் நாள் பாதி பீரியட் போயிற்று. கட்டைவிரலால் பார்க்காதே, அதிலேயே துடிப்பு உண்டு என்று சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியது. ஆனால் அந்தப் பாதி பீரியட் வீண் இல்லை. ‘மூச்சு முட்டுது’ என்று சொன்னதை எண்ணால் சரிபார்க்கும் வழி அவர்கள் கைக்கு வந்தது. ஒரு நிமிடத்தில் எவ்வளவு இறங்குகிறது என்பதைத் தன் முந்தைய எண்ணோடு மட்டும் ஒப்பிட்டுக்கொண்டார்கள்.

எது தேறியது

கடைசித் தேர்வில் பெயர்ப் பட்டியல் கேட்கவில்லை. விருப்பமான ஒரு வேலையையோ விளையாட்டையோ செய்து, மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்: எது முதலில் கைவிட்டது, அது எப்படித் தெரிந்தது, அதை மட்டும் வளர்க்க என்ன செய்வாய்? இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்கள் எனக்கு நிறைவு தந்தன. ‘நாடி குறைவாகத்தான் இருந்தது, கெண்டைக்கால் எரிந்தது’ என்ற மாதிரிப் பதில்கள் வகுப்பில் பாதிக்கும் மேல். மூன்றாவது கேள்வியில் தடுமாறினார்கள். ‘தினமும் ஓடுவேன்’ என்பதே எல்லா நோய்க்கும் மருந்தாக வந்தது, சமநிலைக்குக்கூட. ஒருங்கிணைப்பு என்ற சொல்லைப் புரியாத இடத்தில் எல்லாம் செருகினார்கள். வெடிதிறன் விவகாரம் முன்பே சொன்னதுதான். சுவர் நாற்காலிப் பையன் பந்து எறிதலை எடுத்துக்கொண்டு, சுமாராக எழுதியிருந்தான்.

இதனால் யாருக்கும் உடற்தகுதி கூடியது என்று நான் சொல்லமாட்டேன். கூடியிருக்க வழியில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 5 முதல் 17 வயது வரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான உடல் இயக்கம் வேண்டும் என்கிறது. வாரக் கணக்கில் 420 நிமிடம். என் இரண்டு பீரியடும் சேர்ந்து 80. அதிலும் வரிசையில் நிற்பது, வருகைப் பதிவு, நான் பேசுவது எல்லாம் போக எவ்வளவு மிஞ்சும்? முதல் சுற்றில் ஒரு நாள் ஒரு மாணவனை மட்டும் கடிகாரம் வைத்துக் கவனித்தேன்: 40இல் 11 நிமிடம் அசைந்தான். இரண்டாம் சுற்றில் ஏழு இடங்களாகப் பிரித்த பிறகு அது இரட்டிப்புக்கு மேல் ஆனது. அந்த மாற்றம் ஒன்றுக்காகவே பழைய முறைக்குத் திரும்பமாட்டேன். இன்னொன்றும் உண்டு: இரண்டாம் தடவை என்பதாலேயே சிலருக்குப் புரிந்திருக்கலாம். முதலில் இருந்தே இப்படி நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அடுத்த வகுப்பில்தான் தெரியும்.

தீராமல் ஒரு கேள்வி கையில் நிற்கிறது. ஒற்றைக்காலில் நிற்கும் இடத்தில் ஒருத்தி கண்ணைத் திறந்தும் மூடியும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருந்தாள். திறந்தால் நிற்கிறாள், மூடினால் சில வினாடியில் விழுகிறாள். “கால் அதே கால்தானே சார்? அப்போ கைவிட்டது கண்ணுதானே? கண்ணு எந்தக் கூறு?” சமநிலைக்கு உள்காது, கண், பாதத்திலும் மூட்டுகளிலும் இருந்து வரும் உணர்வு மூன்றும் சேர்ந்து வேலை செய்கின்றன என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள். பிறகு சீட்டில் ‘தள்ளாடுது’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, ‘கண்ணு’ என்று எழுதிக் கொடுத்தாள். குவியல் சேர்க்கும் நாளில் அந்தச் சீட்டை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. இப்போது என் மேசை டிராயரில் இருக்கிறது.